ஸ்டெம்மை உருவிப் பார்க்காமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள்

நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிற மாதிரி ஒரு சைக்கிள் செய்து தருவதாகச் சொல்லி ஒருவர் என்னிடம் முன்பணம் வாங்கினார். மூன்று மாதம் இழுத்தடித்து வண்டியைக் கொடுத்தார். ஐந்து வாரம் ஓட்டினேன். முன்பல் நான்கும் இன்னும் வாயில் இருக்கின்றன என்றால் அதில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை.

நான் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. தினமும் வேலைக்குப் போய்வர, கழுத்தும் முதுகும் நோகாத வண்டி. கைப்பிடி சீட்டைவிட உயரமாக, என் பக்கம் வளைந்து வரவேண்டும். மட்கார்டு, செயின் கவர், கேரியர், பின்சக்கரத்தின் நடு உருளையான ஹப்புக்குள்ளேயே மூன்று கியர். டேப்பை எடுத்து என் கால் உயரம், கை நீளம் எல்லாம் அளந்து நோட்டில் எழுதிக்கொண்டார். அதைப் பார்த்துத்தான் மயங்கினேன். கையிலிருந்த ஒரு பழைய ரேஸ் சைக்கிள் ஃப்ரேமுக்குப் பச்சை பெயின்ட் அடித்து, வளைந்த கைப்பிடியைச் சொருகித் தரப்போகிறவருக்கு என் கால் உயரம் எதற்கு?

கைப்பிடியை ஏற்றினால் போதாதா என்று நானும்தான் நினைத்திருந்தேன். நிமிர்ந்து ஓட்டுவதற்கென்றே செய்த ஃப்ரேமில் சீட் குழாய் நன்றாகப் பின்னால் சாய்ந்திருக்கும், தரையோடு 68, 70 டிகிரி வாக்கில். பெடல் உடம்புக்குச் சற்று முன்னால் வரும். கைப்பிடி நிற்கும் தலைக்குழாயே உயரமாக இருக்கும். ரேஸ் ஃப்ரேமில் சீட் குழாய் 73 டிகிரி, தலைக்குழாய் குட்டை. அதில் கைப்பிடியை மட்டும் தூக்கினால் மொத்த எடையும் சீட்டில் இறங்குகிறது, அதுவும் ஒல்லியான ரேஸ் சீட்டில். மட்கார்டு வேறு மாட்டியதால், மெதுவாகத் திரும்பும்போது ஷூ நுனி அதில் இடித்தது. "பழகினா சரியாயிடும் சார்" என்றார்.

கைப்பிடி உயர்ந்தும் பிரேக் கேபிள் பழைய நீளத்திலேயே இருந்தது. முழுசாகத் திருப்பினால் முன் பிரேக் தானாகப் பிடிக்கும். "குரோமோலி ஃப்ரேம்", அதாவது குரோமியமும் மாலிப்டினமும் கலந்த உசத்தியான எஃகு என்று காந்தத்தை ஒட்டிக் காட்டியிருந்தார். சாதா இரும்பிலும் அது அப்படியே ஒட்டும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஹப் விஷயம் தனிக்கூத்து. புத்தம்புதுசு என்றார். ஹப்பின் வெளிக்கூட்டின் மேல் ஸ்டர்மி-ஆர்ச்சர் ஏடபிள்யூ என்று கம்பெனி, மாடல் பெயரும், பக்கத்தில் 78 என்றும் முத்திரை. அந்தக் காலத்தில் அந்தக் கம்பெனி தயாரித்த வருடத்தை ஹப்பிலேயே குத்திவிடும், ஆக, 1978. எனக்கு அதில் வருத்தமில்லை, வண்டியிலேயே உருப்படியான பாகம் அது ஒன்றுதான். ஆனால் மாட்டிய விதம்! இந்த ஹப்பின் அச்சு சுழலாமல் இருக்க, பல் வைத்த தனி வாஷர் இரண்டு பக்கமும் ஃப்ரேமின் பிளவில் உட்காரவேண்டும். இவர் சாதா வாஷர் போட்டிருந்தார். ஏற்றத்தில் மிதிக்க மிதிக்க அச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, கியர் கேபிளின் இழுப்பு மாறிப்போனது. இரண்டாவது கியருக்கும் மூன்றாவதற்கும் நடுவே இந்த ஹப்பில் எதிலும் மாட்டாத ஒரு வெற்றிடம் உண்டு. ஒருநாள் எழுந்து நின்று மிதிக்கும்போது பெடல் அதற்குள் விழுந்தது. நெஞ்சு கைப்பிடியில் மோதியது.

அப்போதுதான் கைப்பிடி இலேசாக ஆடுவது தெரிந்தது. வேறொரு மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் ஸ்டெம்மை, அதாவது கைப்பிடியைத் தாங்கும் தண்டை, உருவிக் கையில் கொடுத்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் குழாய்க்குள் அது மூன்று சென்டிமீட்டர்கூட இறங்கியிருக்கவில்லை. இந்த வகை ஸ்டெம்மில், இதற்கு மேல் தூக்காதே என்று ஒரு கோடு போட்டிருக்கும். பொதுவாக ஆறு ஏழு சென்டிமீட்டராவது உள்ளே இருக்கவேண்டும். என் ஸ்டெம்மில் கோடு இருந்த இடம் உப்புத்தாள் வைத்துத் தேய்த்துப் பளபளவென்று இருந்தது. தெரியாமல் செய்தவன் கோட்டை அழிக்கமாட்டான். போதாததற்கு, ஸ்டெம்மை இறுக்கும் ஆப்பு ஃபோர்க்கின் மரை இருக்கும் பகுதியிலேயே நின்று அழுத்தியிருக்கிறது. மரை வெட்டிய இடத்தில் குழாய் ஏற்கெனவே மெலிந்திருக்கும். அது வெளிப்பக்கம் புடைத்து, மயிரிழை போல ஒரு விரிசல் விட்டிருந்தது.

போன் செய்தேன். வேறு ஆள் கழற்றிவிட்டதால் இனி தன் பொறுப்பில்லையாம். வேண்டுமானால் கொண்டுவந்தால் வெல்டு வைத்துத் தருவாராம். ஃபோர்க் குழாய்க்கு வெல்டு!

ஹப்பை மட்டும் கழற்றி வைத்திருக்கிறேன். சாய்ந்த சீட் குழாயும் உயரமான தலைக்குழாயும் உள்ள ஒரு ஃப்ரேம் கிடைத்தால் அதில் போடலாம்.

இப்படி ஒரு வண்டிக்கு முன்பணம் கொடுத்துக் காத்திருப்பவர்கள், மீதியை எண்ணிக் கொடுப்பதற்கு முன் அவர் எதிரிலேயே ஸ்டெம்மின் மேல் போல்ட்டை நாலு சுற்று தளர்த்தச் சொல்லுங்கள். மரச்சுத்தியால் போல்ட் தலையில் ஒரு தட்டு தட்டினால் ஆப்பு விடும், ஸ்டெம் கையோடு வரும். கோடு இருக்கிறதா என்று பாருங்கள். கழற்றத் தயங்கினால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.