புள்ளிவிவர வகுப்பா, கோப்பு ஆய்வா? அமெரிக்கக் குழந்தைநலப் பணியாளர் பயிற்சி

2001 முதல் அமெரிக்க மத்திய அரசு ஒவ்வொரு மாநிலத்தின் குழந்தைநலத் துறையையும் 7 விளைவுகளை வைத்து மதிப்பிடுகிறது. பாதுகாப்பு பற்றியவை 2, நிலையான குடும்பம் பற்றியவை 2, நலவாழ்வு பற்றியவை 3. முதல் சுற்றில் ஏழிலும் தேறிய மாநிலம் ஒன்றுகூட இல்லை. அப்படியானால் பணியாளர்களுக்கு எதைக் கற்றுக்கொடுப்பது? முக்கியமான வழிகள் இரண்டு.

முதலாவது, புள்ளிவிவர வகுப்பு. இதன் அருமை ஒரு கணக்கிலேயே தெரிந்துவிடும். பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட 10 குழந்தைகள் ஓர் அலுவலகத்தின் பராமரிப்புக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். 8 பேர் ஆறே மாதத்தில் வீடு திரும்புகிறார்கள். 2 பேர் நான்காம் ஆண்டிலும் அங்கேயே இருக்கிறார்கள். வெளியேறியவர்களை மட்டும் எண்ணினால், தங்கிய காலத்தின் சராசரி 6 மாதம். அலுவலகத்துக்கு நல்ல பெயர். அந்த இருவருக்கும் ஒருவழியாகத் தத்துக் குடும்பம் கிடைக்கும் ஆண்டில் சராசரி எகிறும், நல்லது செய்த ஆண்டே மோசமான ஆண்டாகத் தெரியும்! ஒரே காலத்தில் உள்ளே வந்தவர்கள் எல்லாரையும் தொடர்ந்து பார்த்தால்தான் உண்மை புலப்படும். கூடவே, வீடு திரும்பியவர்களில் 12 மாதத்துக்குள் மறுபடி வந்தவர்கள் எத்தனை பேர் என்றும் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அவசரமாக அனுப்பிவைப்பதே சாதனையாகிவிடும். இதை யாரும் தானாகக் கற்றுக்கொள்வதில்லை. உட்கார வைத்துச் சொல்லித்தரத்தான் வேண்டும்.

இரண்டாவது, மேற்பார்வையாளர்களையே ஆய்வாளர்களாக்கி, இருவர் இருவராகக் குழந்தைகளின் கோப்புகளை ஆராயச் செய்வது. கோப்பைப் படிப்பதோடு குழந்தை, பெற்றோர், வளர்ப்புப் பெற்றோர், களப்பணியாளர் எல்லாரிடமும் பேச வேண்டும். மாதாமாதம் சந்தித்ததாகக் கோப்பில் இருக்கும். குழந்தையிடம் தனியாக ஒருமுறையாவது பேசினார்களா என்பது இங்கேதான் வெளிவரும். தந்தையைத் தேடவே இல்லை என்பதும் அப்படித்தான். இதை ஒருமுறை நேரில் கண்ட மேற்பார்வையாளர், தன் பணியாளரிடம் கேட்கும் கேள்வியே மாறிவிடும்.

குறைகளும் உண்டு. மத்திய அரசின் மதிப்பீட்டிலும் இப்படிக் கோப்புகளை ஆராய்கிறார்கள்; அதன் இரண்டாம் சுற்றில் ஒரு மாநிலத்துக்கு 65 கோப்புகளைத்தான் பார்த்தார்கள். அதை வைத்து ஒரு தனி மாவட்டத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. ஒரே கோப்புக்கு இரு குழுக்கள் வேறு வேறு தீர்ப்புத் தரவும் கூடும். மேலே ஒருவர் சரிபார்த்தாக வேண்டும்.

இணையவழிப் பாடங்கள் மலிவு. சொற்களை அறிமுகப்படுத்தப் போதும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

ஒன்றுக்குத்தான் நிதி இருக்கிறது என்றால், மேற்பார்வையாளர்களுக்குக் கோப்பு ஆய்வையே முதலில் கொடுக்கச் சொல்வேன். குழந்தைகளின் கதை தெரிந்தவருக்குத்தான், வீடு திரும்புவோர் விகிதம் இறங்கும்போது எங்கே போய்ப் பார்ப்பது என்று தெரியும். புள்ளிவிவர வகுப்பை அலுவலகத்துக்கு ஓரிருவருக்குக் கொடுத்தால் போதும், ஆனால் அவர்களும் ஒரு சுற்றாவது ஆய்வில் உட்கார்ந்தவர்களாக இருக்க வேண்டும். தகுதியுள்ள பயிற்சிச் செலவில் 75 விழுக்காடு வரை மத்திய நிதி கிடைக்கிறது. அதைவிடப் பெரிய தட்டுப்பாடு நேரம்: ஆய்வு நடக்கும் வாரத்தில் அந்த மேற்பார்வையாளரின் வழக்கமான வேலையை வேறொருவர் ஏற்காவிட்டால், அவர் பாதி நேரம் தொலைபேசியில்தான் இருப்பார்.