ஒன்பது வருடமாகக் கையில் இருக்கும் ப்ரொஃபைல் விளக்குகள்

நாடக மேடைக்கு ஒளி அமைப்பது என் வேலை. 575 வாட் ஹாலோஜன் பல்பு போட்ட ப்ரொஃபைல் விளக்குகள் (ஒளியின் விளிம்பைக் கூர்மையாக வெட்டி வடிவம் கொடுக்கக்கூடிய மேடை விளக்குகள்) ஆறு, ஒன்பது வருடமாக என்னிடம் இருக்கின்றன. வாங்கும்போது லென்ஸில் ஒளி விரியும் கோணம் 19 டிகிரியா, 26ஆ, 36ஆ என்பதைத்தான் பார்த்தேன். இப்போது கேட்டால், இந்த விளக்கின் உயிர் பின்மூடியில் உள்ள திருகில் இருக்கிறது என்பேன்.

உள்ளே இருக்கும் ரிஃப்ளெக்டர் நீள்வட்ட வடிவம், அதற்குக் குவியங்கள் இரண்டு. பல்பின் இழை ஒரு குவியத்தில் நின்றால், ரிஃப்ளெக்டரில் பட்ட ஒளி அடுத்த குவியத்தில் வந்து சேரும். அதை ஒட்டித்தான் கேட் என்கிற திறப்பு. ஒளியின் ஓரத்தை வெட்டும் நான்கு ஷட்டர் தகடுகளும், கோபோ என்கிற வடிவம் வெட்டிய தகட்டைச் செருகும் இடமும் அங்கேதான். கேட்டின் பிம்பத்தை லென்ஸ் தலைகீழாக மேடையில் விழவைக்கும். அதனால் மேல் ஷட்டரைத் தள்ளினால் கீழ்விளிம்பு வெட்டுப்படும். பழகிவிட்டால் கை தானாகவே சரியான தகட்டுக்குப் போகும்.

பின்திருகு, அந்த இழையைக் குவியத்தின் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர்த்துவதற்கானது. முதல் இரண்டு வருடம் நான் அதைத் தொடவே இல்லை. நிறத்துக்காக விளக்கின் முன்னால் மாட்டும் ஜெல் தாள்களில், அடர்நீல ஜெல் மட்டும் நடுவில் வெளுத்து, சுருங்கி, ஓட்டை விழுந்துகொண்டே இருந்தது. ஜெல்தான் மட்டம் என்று நினைத்தேன். ஒருநாள் ஜெல்லைக் கழற்றிவிட்டு வெறும் சுவரில் ஒளியை அடித்துப் பார்த்தேன். வட்டத்தின் நடுவே கண் கூசும் புள்ளி, ஓரமெல்லாம் மங்கல். அடர்நீலம், தன்மேல் விழுவதில் பெரும்பகுதியை வாங்கிச் சூடாகிற நிறம். நடுவில் அவ்வளவு வெளிச்சம் குவிந்தால் எந்த ஜெல்லும் தாங்காது. வட்டம் முழுக்கச் சீராகும்வரை திருகை மெல்ல மெல்லத் திருப்பினேன். அடுத்துப் போட்ட நீலம் அந்த நாடகம் முடியும்வரை நின்றது. இப்போது பல்பு மாற்றும் ஒவ்வொரு முறையும் சுவரில் அடித்துப் பார்க்காமல் விளக்கை மேலே ஏற்றுவதில்லை.

பல்பு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அது குவார்ட்ஸ் கண்ணாடி. விரலில் இருக்கும் எண்ணெய்ப்பசை பட்ட இடம் மட்டும் அளவுக்கு மீறிச் சூடாகும். ஒருமுறை அவசரத்தில் வெறுங்கையால் மாட்டினேன், சீக்கிரமே போய்விட்டது. கழற்றிப் பார்த்தால், விரல் பட்ட இடத்தில் கண்ணாடி பாலாடை போல வெளுத்துக் கொப்புளித்திருந்தது. சுத்தமான துணியால் பிடியுங்கள், தவறிப்போய்த் தொட்டுவிட்டால் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிடுங்கள்.

மற்றபடி, சூட்டில் வளைந்த இரண்டு ஷட்டர் தகடுகளை மாற்றினேன். கிளாம்புகளில் குறை ஒன்றும் இல்லை. மேடை முழுக்க மென்மையாகப் பரவும் ஒளி வேண்டுமென்றால் இதை வாங்காதீர்கள், ஃப்ரெனல் வாங்குங்கள். அதில் பல்பும் ரிஃப்ளெக்டரும் சேர்ந்து நகரும். லென்ஸை நெருங்கினால் ஒளி விரியும், விலகினால் குறுகும்.

போன வருடம் எல்இடி ப்ரொஃபைல் இரண்டு சேர்த்தேன். கேட், ஷட்டர், லென்ஸ் எல்லாம் அதே அமைப்புதான். ஜெல் வேண்டாம், பல்பு மாற்றுகிற வேலையும் இல்லை. நிறக்காட்சிகளுக்கு அதைத்தான் போடுகிறேன். ஆனால் டிம்மரை மெதுவாக இறக்கும்போது, ஹாலோஜன் இழை சூடு குறையக் குறையப் பொன்னாகி, சிவந்து, அணையும் திரி போல அடங்கும். என் எல்இடி நிறம் மாறாமலே இருண்டுபோகிறது. கடைசிக் காட்சியில் நடிகரின் முகத்துக்கு நான் இன்னும் ஹாலோஜனைத்தான் ஏற்றுகிறேன்.