ஞாயிற்றுக்கிழமையும் கான்கிரீட் இறுகும்: மூன்றரை வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

சென்னையில் தனியாக கட்டட வடிவமைப்பு பிராக்டிஸ் செய்யும் என் கல்லூரித் தோழி போன வாரம் போன் செய்தாள். "உங்க ஆபீஸ்ல வச்சிருக்கீங்களே, அந்த புராஜெக்ட் ஆப், வருஷ சந்தாவைக் குறைச்சிருக்காங்க. நானும் வாங்கிடவா? வாங்கு, வேண்டாம்னு ஒரே வார்த்தையில சொல்லு." ஒரே வார்த்தையில் சொல்ல வரவில்லை. அன்று இரவு அவளுக்கு எழுத ஆரம்பித்ததுதான் இப்படி நீண்டுவிட்டது.

கட்டுமான வேலைகளையும் தேதிகளையும் நிர்வகிக்கும் செயலி அது, பெயர் வேண்டாம். இந்த வகைச் செயலி எதை வாங்குவதாக இருந்தாலும் கீழே சொல்லப்போகும் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு வாங்குங்கள், அது போதும்.

வீடுகளுக்குப் பிளான் போட்டுக் கட்டுமானத்தையும் பார்த்துக்கொள்ளும் எங்கள் அலுவலகம் பெங்களூரு அல்சூரில். ஐந்து பேர். எப்போதும் ஆறேழு வீடுகள் கையில் இருக்கும், பெரும்பாலும் 30க்கு 40 அடி சைட். ஒரு வீடு அஸ்திவாரத்தில், ஒன்று பூச்சில், இன்னொன்று பிளான் அப்ரூவலுக்குக் காத்துக்கொண்டு. 2022 நடுவில் இந்தச் செயலியை வாங்கும்வரை எல்லாம் ஒரு எக்செல் ஷீட்டிலும் என் தலையிலும்தான் இருந்தது. பணிப்பட்டியல், அறிவிப்பு, வரைபடம் ஏற்றுவது இதெல்லாம் எல்லாச் செயலியிலும் இருப்பதுதான், அதை விடுங்கள்.

இதில் எனக்கு முதல் மாதமே பிடித்துப்போனது சங்கிலி. தளம் போடும் தேதியை ஒரு நாள் தள்ளினால் அதற்குப் பின்னால் இருக்கும் பிளாக் கட்டு, வயரிங், பூச்சு, டைல்ஸ் எல்லாம் தானாகத் தள்ளிப் போகும். மழையால் ஜல்லி லாரி வரவில்லை என்றால் முன்பெல்லாம் ராத்திரி உட்கார்ந்து நாற்பது தேதிகளைத் திருத்துவேன். இப்போது ஒரு தேதியைத் திருத்தினால் போதும், தச்சருக்கும் எலெக்ட்ரீஷியனுக்கும் புதுத் தேதி போனிலேயே போய்விடுகிறது.

எரிச்சல் அந்தச் சங்கிலிக்குள்ளேயேதான் இருக்கிறது. இந்தச் செயலிக்கு நாள் என்றால் வேலை நாள். ஞாயிற்றுக்கிழமையையும் நாம் குறித்துவைத்த விடுமுறைகளையும் விட்டுவிட்டுத்தான் எண்ணும். தச்சருக்கும் டைல்ஸ் போடுபவருக்கும் அது சரி. ஆனால் கான்கிரீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. சிமென்ட்டும் தண்ணீரும் சேர்ந்து இறுகுவது ஆயுத பூஜை அன்றும் நடக்கும், தீபாவளி அன்றும் நடக்கும்.

தளம் இறுகும்வரை அதைக் கீழிருந்து தாங்கும் முட்டுக் கம்பங்களை எப்போது பிரிக்கலாம் என்பதற்கு நாம் எல்லோரும் கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456-ஐத்தான் பார்க்கிறோம், 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு. சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட், 15 டிகிரிக்குக் கீழே போகாத வெப்பம் என்றால் தாங்கலுக்குத் தாங்கல் 4.5 மீட்டர் வரை உள்ள ஸ்லாபுக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரை 14, அதைத் தாண்டினால் 21. இந்த 7, 14, 21 எல்லாமே காலண்டர் நாள். செயலியில் "21 நாள்" என்று போட்டால் அது 24 அல்லது 25-ஆவது நாளைக் காட்டும். நடுவில் பண்டிகை வந்தால் இன்னும் தள்ளும்.

2025 செப்டம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். ராமமூர்த்தி நகர்ப் பக்கம் ஒரு வீடு. கீழே இரண்டு கார் நிற்க வேண்டும், நடுவில் தூண் கூடாது என்று வீட்டுக்காரர் கேட்டதால் 6.4 மீட்டருக்கு ஒரு பீம். செப்டம்பர் 25, வியாழக்கிழமை தளம் போட்டோம். 21 நாள் கணக்கில் அக்டோபர் 16, வியாழக்கிழமை முட்டு பிரித்திருக்க வேண்டும். செயலி ஞாயிறுகளைக் கழித்து, அக்டோபர் 1, 2-ஐக் கழித்து, தீபாவளி 20-ஐயும் பலிபாட்யமி 22-ஐயும் கழித்து 24-ஆம் தேதியைக் காட்டியது.

நான் அந்த வாரம் தங்கையின் பிரசவத்துக்காக சேலத்தில் இருந்தேன். மேஸ்திரி 16-ஆம் தேதி காலையிலேயே எங்கள் சைட் இன்ஜினியரிடம் கேட்டிருக்கிறார். "தம்பி, வியாழனோட மூணு வாரம் ஆயிடுச்சே, பிரிச்சிடலாமா?" தம்பி போனைப் பார்த்துவிட்டு, "இல்லண்ணா, 24-னு இருக்கு" என்று சொல்லிவிட்டான். பயந்து ஒரு வாரம் கூட வைப்பது தப்பில்லை என்று அவன் நினைத்திருக்கிறான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. மேடம் போட்ட தேதி, அதை ஏன் சந்தேகப்பட வேண்டும்?

17-ஆம் தேதி ராத்திரி திருவண்ணாமலைப் பக்கத்து ஆட்கள் தீபாவளிக்கு பஸ் ஏறிவிட்டார்கள். சென்ட்ரிங் வேலை, அதாவது பலகையும் முட்டும் கட்டிப் பிரிக்கும் வேலை, செய்யும் பீகார் தம்பிகள் ஊருக்குப் போனால் சத் பூஜை முடித்துத்தான் திரும்புவார்கள், அது 27, 28. எல்லோரும் வந்து சேர்ந்தது நவம்பர் 6. அதுவரை கீழ்த்தளம் முழுக்க முட்டுக் காடு. உள்ளே ஒரு பிளாக் வைக்க முடியாது. சென்ட்ரிங் ஷீட்டுக்கும் முட்டு ஜாக்கிக்கும் வாடகை தினமும் ஓடிக்கொண்டிருந்தது. எட்டு நாள் கணக்குப் பிழை மூன்று வாரத்தைத் தின்றது. வீட்டுக்காரர் வைகாசியில் கிரகப்பிரவேசத்துக்கு முகூர்த்தம் குறித்துவிட்டார். அதைத் தவறவிட்டால் அப்புறம் ஆடி வந்துவிடும், ஆடியில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள். அந்த வீட்டு அம்மா இப்போதும் ஒவ்வொரு ஞாயிறும் போன் செய்து "வைகாசிக்கு ஆயிடும்ல?" என்று கேட்கிறார். பதில் சொல்ல எனக்கு நாக்கு வறண்டுபோகிறது.

அதே தளத்தின் கியூப் கதை இன்னும் மோசம். தளம் போடும்போதே அதே கான்கிரீட்டில் வார்த்துவைக்கும் 150 மில்லிமீட்டர் கட்டிதான் கியூப், வலிமை தெரிய அதை 28-ஆம் நாள் லேபில் உடைத்துப் பார்க்க வேண்டும். அதாவது அக்டோபர் 23. செயலி அதற்கு நினைவூட்டல் வைத்திருந்தது நவம்பர் 3-க்கு. 39-ஆவது நாள்! அந்த நாளில் வரும் வலிமையை வைத்துக்கொண்டு 28 நாள் வலிமை இருக்கிறது என்று யாராலும் கையெழுத்துப் போட முடியாது. நல்லவேளை, லேப்காரர் தன் நோட்டில் எழுதிவைத்திருந்த தேதியைப் பார்த்து 23-ஆம் தேதியே உடைத்துவிட்டார்.

இதை நான் அவர்களிடம் சொல்லாமல் இல்லை. 2023-இல் முதல் மெயில். அதற்குப் பிறகு இரண்டு முறை. "உங்கள் யோசனையைக் குறித்துக்கொண்டோம்" என்று மூன்று முறையும் பதில் வந்தது. நான் கேட்பது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு இல்லை. மைக்ரோசாஃப்ட் புராஜெக்டில் ஒரு வேலைக்கு 'எலாப்ஸ்டு டேஸ்' என்று கொடுத்தால் விடுமுறை பார்க்காமல் தொடர்ச்சியாக எண்ணும். முன்பு வேலை பார்த்த பெரிய அலுவலகத்தில் அதில்தான் பழகினேன். ஐந்து பேரும் மேஸ்திரியும் போனிலேயே பார்க்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்றுதான் இதற்கு வந்தோம்.

செட்டிங்கில் முழு வீட்டுக்கும் காலண்டர் நாள் என்று மாற்றலாம். மாற்றிப் பார்த்தேன். தச்சருக்குத் தீபாவளி அன்று கதவு மாட்டும் வேலை விழுந்தது. ஒவ்வொரு வீட்டையும் இரண்டு புராஜெக்டாகப் பிரித்து, தண்ணி கட்டி கான்கிரீட் இறுகக் காத்திருக்கும் வேலைகளைத் தனியாக வைத்தும் பார்த்தேன். ஒரு புராஜெக்டிலிருந்து இன்னொன்றுக்குச் சங்கிலி போடாது. சங்கிலிக்காகத்தானே வாங்கினோம்?

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும், அதுவும் சின்ன விஷயம் இல்லை.

தளம் போடுவதற்கு முன் கம்பி கட்டி முடித்ததும், கம்பி பலகையில் ஒட்டாமல் இருக்க அடியில் கவர் பிளாக் வைத்ததும், எலெக்ட்ரிக் பைப் ஓடும் இடமும் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அந்தந்த வேலையோடு சேர்த்துவிடச் சொல்லியிருக்கிறேன். நேரமும் தேதியும் தானாகப் பதியும். அளவு தெரிய டேப்பைப் பிரித்துக் கம்பி மேல் போட்டுத்தான் எடுக்க வேண்டும், இது எங்கள் அலுவலக வழக்கம். வேலை முடிந்த ஒரு வீட்டில், குடிவந்து எட்டு மாதம் கழித்து, பாட்டிக்கு ஊஞ்சல் வேண்டும் என்றார்கள். கொக்கி தளம் போடும்போதே கட்டியிருக்க வேண்டும், அப்போது யாரும் கேட்கவில்லை. எலெக்ட்ரீஷியன் டிரில்லோடு ஏணியில் நிற்கிறார். எங்கே போட்டால் கம்பியில் படாது, எங்கே பைப் ஓடுகிறது? போனில் வீட்டின் பெயரும் 'ஹால் தளம்' என்றும் தட்டினேன். பத்து விநாடியில் அந்த நாள் வந்து நின்றது. மஞ்சள் டேப், பச்சைக் கவர் பிளாக், பீமிலிருந்து இரண்டடி தள்ளி வளைந்து போகும் கறுப்பு பைப். சுவரிலிருந்து அளந்து கோடு போட்டுக் கொடுத்தேன். நான்கு துளையும் சுத்தமாக இறங்கின. பாட்டி அன்று சாயங்காலமே ஊஞ்சலில் உட்கார்ந்து எனக்கு வீடியோ அனுப்பச் சொன்னாராம்.

இந்த மாதிரி நான்கைந்து முறை ஆகிவிட்டது. பாத்ரூம் கசிவு, ஏசி பைப், பக்கத்து வீட்டுக்காரரோடு எல்லைச் சுவர்த் தகராறு, எல்லாவற்றிலும் அந்தப் போட்டோக்கள்தான் பேசின.

அப்ரூவல் வேலைகளைப் பற்றி ஒரு வரி. பிளான், சிசி, ஓசி என்று வீட்டுக்கு வாங்க வேண்டிய அனுமதிகளும் சான்றிதழ்களும் யார் மேஜையில் இருக்கிறது என்பதுதான் நமக்கு வேண்டிய தகவல், செயலியில் அதற்கு இடமில்லை. 'யார் கையில்' என்று ஒரு கட்டம் நானே சேர்த்துக்கொண்டேன். 2025 செப்டம்பரில் பெங்களூரு முழுவதற்கும் இருந்த ஒரே மாநகராட்சியான பிபிஎம்பி போய் கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் ஐந்து மாநகராட்சி வந்ததும் அந்தக் கட்டம் ரொம்ப உதவியது.

தோழிக்கு நான் எழுதியது இதுதான்: வாங்காதே. விலை குறைந்தாலும் வாங்காதே. ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக, நாள் எண்ணும் முறையை மாற்ற முடியுமா என்று அவர்களிடம் கேள். முடியும் என்று எழுத்தில் பதில் வந்தால் அப்புறம் யோசி. நான் சந்தாவை இன்னொரு வருடத்துக்குப் புதுப்பித்துவிட்டேன். மூன்றரை வருடப் போட்டோக்களை விட்டுவிட்டு வர எனக்கு மனசில்லை.

நேற்று அதே ராமமூர்த்தி நகர் வீட்டில் இரண்டாம் மாடித் தளம் போட்டு முடித்தோம். மேஸ்திரி சிவப்பு பெயிண்டைத் தொட்டு, மாடிப்படித் தூணில் தளம் போட்ட தேதியை எழுதினார், அவர் எப்போதும் எழுதுவதுதான். அதற்குக் கீழே முட்டு பிரிக்கும் தேதியையும் எழுதச் சொன்னேன். விரலால் மூன்று முறை எண்ணிப் பார்த்துவிட்டு எழுதினார். தம்பியிடம் அதைப் போட்டோ எடுத்துச் செயலியில் ஏற்றச் சொல்லியிருக்கிறேன்.