டிஎச்டி22, பிஎம்இ280, எஸ்எச்டி31: உப்புக் காற்றில் எது நிற்கும்?

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு ஈரப்பதத்தைப் பதிந்து வைக்கக் காரணம் தேட வேண்டியதில்லை. பீரோவில் பூஞ்சை, கேமரா லென்ஸில் பூஞ்சை, காசிமேட்டுப் பக்கம் என்றால் கருவாட்டு அறை. அதை அளக்கும் மூன்று சென்சார்களில் எதை வாங்குவது என்பதுதான் கேள்வி. சென்சாரைப் படித்து அனுப்பும் போர்டு எது என்று அதிகம் யோசிக்க வேண்டாம், இஎஸ்பி8266 என்ற வைஃபை சிப் உள்ள டி1 மினி போதும். அது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே சேரும், அதை ரவுட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் இஎஸ்பிஹோம் என்ற மென்பொருளை ஏற்றி, வீட்டு ராஸ்பெரி பை குட்டிக் கணினியில் ஓடும் மஸ்கிட்டோ என்ற செய்தி வாங்கும் நிரலுக்கு எம்க்யூடிடி என்ற செய்தி முறை வழியாக நிமிடத்துக்கு ஒரு அளவு அனுப்பினால் நெட்வொர்க் பக்கம் முடிந்தது. கரன்ட் போனால் ரவுட்டரும் சேர்ந்து போகும், அதையும் இன்வெர்ட்டரில் மாட்டுங்கள்.

யோசிக்க வேண்டியது சென்சாரைத்தான். டிஎச்டி11 ஈரப்பதத்தை 20 முதல் 90 சதவீதம் வரைதான் அளக்கும், அதிலும் 5 புள்ளி முன்னே பின்னே. நம் ஊர் மழைக்கால இரவுக்கு அது ஆகாது.

டிஎச்டி22 எங்கும் கிடைக்கும், விலையும் குறைவு. வெப்பநிலையில் 0.5 டிகிரிக்குள் நிற்கும். சிக்கல் இரண்டு. அளவை அனுப்பும்போது பூஜ்யத்தையும் ஒன்றையும் அது மின்துடிப்பின் நீளத்தால் பிரிக்கிறது: ஏறக்குறைய 27 மைக்ரோசெகண்ட் என்றால் பூஜ்யம், 70 என்றால் ஒன்று. வைஃபை வேலை குறுக்கிட்டால் எண்ணிக்கை தவறி, அந்த முறை அளவே வராது. இரண்டாவது, காற்று தொடர்ந்து ஈரமாக இருந்தால் 99.9இல் போய் ஒட்டிக்கொள்ளும் கோளாறு.

பிஎம்இ280 காற்றழுத்தமும் தரும். புயல் நாட்களில் அந்தக் கோடு இறங்குவதைப் பார்க்க விரும்பினால் இதை வாங்குங்கள். ஆனால் ஈரப்பதமே அளக்காத பிஎம்பி280ஐ இதே பெயரில் விற்பது உண்டு. சிப் அடையாள எண்ணைப் படித்துப் பாருங்கள்: ஹெக்ஸில் (பதினாறு அடிமான எண்ணில்) 60 வந்தால் அசல், 58 வந்தால் பிஎம்பி. ஓயாமல் அளக்க விட்டால் தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளும், தேவையான நேரத்தில் மட்டும் அளக்கும் ஃபோர்ஸ்டு முறையில் வையுங்கள்.

நான் சாய்வது எஸ்எச்டி31 பக்கம். ஈரப்பதத்தில் 2 புள்ளி, வெப்பநிலையில் 0.2 டிகிரி துல்லியம் என்பது இரண்டாம் காரணம்தான். முதல் காரணம் பராமரிப்பு, இங்கே பராமரிப்பு என்றால் உப்பு.

சமையல் உப்பு ஏறக்குறைய 75 சதவீத ஈரப்பதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரையும். கடற்காற்றில் வந்து பின்களிலும் சால்டரிங்கிலும் படியும் உப்பும் அப்படித்தான். பகலில் காய்ந்த தூளாக இருப்பது, இரவில் ஈரம் 75ஐத் தாண்டியதும் உப்புநீர்ப் படலமாகிறது. மின்சாரம் கசிகிறது, செம்பு பச்சை பூக்கிறது. டிஎச்டி22இன் பெட்டித் துளைகளுக்குள் இந்தத் தூள் தடையில்லாமல் போகும். எஸ்எச்டி31இல் காற்று நுழையும் துளையின் மேல் வடிகட்டிச் சவ்வு ஒட்டிய வகை கிடைக்கிறது. நீராவியை விடும், தூளையும் துளியையும் விடாது. உள்ளேயே ஒரு சிறு ஹீட்டரும் உண்டு. பனித்துளி படிந்துவிட்டால் சில நிமிடம் அதை ஓட்டிக் காயவைக்கலாம். ஓடும்போதும் அணைத்த சில நிமிடங்களுக்கும் வரும் அளவைச் சேர்க்காதீர்கள்.

அதே 75தான் சோதனைக்கும் கைகொடுக்கிறது. பாட்டில் மூடியில் ஒரு ஸ்பூன் பாக்கெட் தூள் உப்பைப் போட்டு, ஈர மணல் பதம் வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். முழுக்கக் கரைந்தால் தண்ணீர் அதிகம். கல் உப்பு வேண்டாம், அதிலுள்ள மெக்னீசியம் குளோரைடு அளவைக் கீழே இழுக்கும். இறுக்கமாக மூடும் டப்பாவில் மூடியையும் சென்சாரையும் ஒன்றையொன்று தொடாமல் வைத்து, வயர் வரும் இடத்தை டேப்பால் அடைத்து, வெயில் படாத மூலையில் ஒரு இரவு விடுங்கள். போர்டு வெளியேதான் இருக்க வேண்டும், அதன் சூடு கணக்கைக் கெடுக்கும். காலையில் 75 வர வேண்டும். 79 வந்தால் இஎஸ்பிஹோமில் ஆஃப்செட் −4, அதாவது ஒவ்வொரு அளவிலும் 4ஐக் கழிக்கும் திருத்தம்.

இதைப் புரட்டாசியில் ஒரு முறை, தையில் ஒரு முறை செய்யுங்கள். அடைமழை வாரம் முடிந்த கையோடு செய்யாதீர்கள்: 80க்கு மேல் 60 மணி நேரம் இருந்தால் எஸ்எச்டி31கூட 3 புள்ளி வரை கூட்டிக் காட்டலாம், காற்று காய்ந்தால் மெல்ல இறங்கிவிடும். அந்த நேரத்தில் திருத்தினால் சரியாக இருந்ததைக் கெடுத்தவர்களாவோம்.

டிஎச்டி22 ஜெயிக்கும் இடமும் உண்டு. மொட்டை மாடியில் சென்சார், கீழே போர்டு என்று பல மீட்டர் வயர் இழுப்பதானால் அதுவே வசதி. எஸ்எச்டி31 பேசும் ஐ2சி என்ற இணைப்பு முறை குறுகிய தூரத்துக்கானது, ஒரு மீட்டருக்குள் வையுங்கள். எஸ்எச்டி40 புதிய தலைமுறை, தாளில் இன்னும் நன்றாக இருக்கிறது. இந்தக் காற்றில் அதை இரண்டு மழைக்காலம் தொங்கவிட்டுப் பார்த்த பிறகுதான் சிபாரிசு செய்வேன்.

இணைப்பு எளிது: 3.3 வோல்ட், கிரவுண்ட், எஸ்சிஎல் (கடிகார) வயர் போர்டின் டி1 பின்னுக்கு, எஸ்டிஏ (தரவு) வயர் டி2 பின்னுக்கு. சென்சாரின் ஐ2சி முகவரி வழக்கமாக ஹெக்ஸ் 44. சென்சாரைப் போர்டிலிருந்து 15 செ.மீ. தள்ளித் தொங்கவிடுங்கள். 30 டிகிரியில் 80 சதவீதம் இருக்கும்போது, போர்டின் சூட்டால் ஒரு டிகிரி ஏறினாலே ஈரப்பதம் நாலைந்து புள்ளி குறைத்துக் காட்டும். சென்சாரை நேரடியாகச் சால்டர் செய்யாமல் நான்கு பின் கனெக்டரில் மாட்டினால், கெட்டுப்போகும் நாளில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு ஒரு நடை, ஐந்து நிமிட வேலை. போர்டின் பின்களுக்கு நிறமற்ற நெயில்பாலிஷ் இரண்டு பூச்சு, யுஎஸ்பி வாயில் மட்டும் படாமல். பூசும்போது சென்சார் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது, கரைப்பான் ஆவி அதன் அளவைக் கெடுக்கும். ஒரு நாள் முழுக்கக் காய்ந்து வாசனை போன பிறகு மாட்டுங்கள். புளித்த வாடை அடிக்கும் சிலிகான் பசையையும் பெட்டிக்குள் போடாதீர்கள்.