வாங்குபவர் பெயர் எழுதாத படிவத்தில் கையெழுத்திட்டதால் நேர்ந்தது

என் தந்தையார் 1978-இல் வாங்கிய பிரீமியர் பத்மினி கார், திருமங்கலத்தில் எங்கள் வீட்டு மாட்டுத்தொழுவத்தில் பல ஆண்டுகள் துருவேறிக் கிடந்தது. நான்கு ஆண்டுகள் அதனோடு மல்லுக்கட்டி, இற்றுப்போன தரைத்தகட்டை வெட்டியெடுத்துப் புதிதாகப் பற்றவைத்து, பட்டி பார்த்து, 1089 சிசி எஞ்சினை முழுவதுமாகப் பிரித்துக் கோத்து, பதிவையும் புதுப்பித்தேன். ஸ்டியரிங்கை ஒட்டிய கியர்க் கம்பியின் குமிழை மட்டும் மாற்றவில்லை. அது அப்பாவின் உள்ளங்கை பட்டுத் தேய்ந்து வழுவழுப்பாகியிருந்தது.

மகளின் படிப்புச் செலவுக்காக விற்க நேர்ந்தபோது மதுரையிலிருந்து ஒரு தரகர் வந்தார். பழைய வண்டிகளைப் போற்றிச் சேர்த்து வைக்கும் ஒருவருக்காகவே வாங்குவதாகவும், கல்யாண வாடகைக்குக்கூட அவர் வெளியே விடமாட்டார் என்றும் சொன்னார். எனக்கு விலையைவிட அந்தச் சொல்தான் பெரிதாகப் பட்டது. பேசிய 2,40,000 ரூபாயில் இரண்டு லட்சத்தைக் கொடுத்தவர், மீதியைப் பெயர் மாற்றம் முடிந்ததும் தருவதாகக் கூறி, உரிமையாளர் பெயர் மாற்றத்துக்கான 29, 30-ஆம் படிவங்களில், வாங்குபவர் பெயரை எழுதாமலேயே, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஆர்.சி. புத்தகத்தோடு வண்டியை ஓட்டிச் சென்றார்.

ஏழு வாரம் கழித்து மேலூர்ப் பக்கத்துக் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. இரு சக்கர வாகனத்தில் சென்ற ஒருவர் மீது என் வண்டி மோதி அவருக்குக் கால் முறிந்திருந்தது; காப்பீடு காலாவதியாகியிருந்தது. நிலைய வளாகத்தில் நின்ற வண்டியில் குரோம் பம்பர்கள் இல்லை. அப்பாவின் குமிழ் இருந்த இடத்தில் ஏதோ ஒரு பிளாஸ்டிக் உருண்டை. தரகரின் கைப்பேசி அன்று முதல் அணைந்தே கிடக்கிறது.

பணம் கைமாறினாலும் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருப்பதை வழக்கறிஞர் சொல்லித்தான் அறிந்தேன். வண்டியைக் கொடுத்த பதினான்கு நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தகவல் தெரிவிக்க வேண்டியது விற்றவரான என் கடமை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஆகவே, விற்பவர்கள் தயவுசெய்து வாங்குபவரை நேரில் பாருங்கள். அவர் பெயரும் முகவரியும் எழுதிய பிறகே கையெழுத்திடுங்கள். வண்டி கைமாறிய நாளையும் நேரத்தையும் குறித்து அவரிடம் எழுதி வாங்குங்கள். பெயர் மாறும்வரை சாவியைக் கொடுக்காதீர்கள்.

இழப்பீட்டு வழக்கில் முதல் எதிர்மனுதாரராக என் பெயர் இருக்கிறது. காயம்பட்டவரை மருத்துவமனையில் போய்ப் பார்த்தேன்; அவரிடம் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.