மேஜைக்கு அடியில வைக்கிற குட்டி ஃபேன் - 3.5/5

ஃப்ளோரிடா டேம்பால வீட்லருந்தே வேலை, வீடியோ மீட்டிங்னா முகத்துக்கு நேரா லைட் வேற, வேர்த்து ஊத்துது. அதான் 25 டாலருக்குள்ள ஒரு குட்டி ஃபேன் வாங்கினேன். கறுப்பு கலரு, மேஜைக்கு அடியில வச்சா ஒருத்தர் கண்ணுக்கும் தெரியாது.

ஐடியா இந்த ஊர் அரசியல்வாதி சார்லி கிறிஸ்ட்டோடது. மனுஷன் எங்க பேசப் போனாலும் காலடில ஒரு ஃபேன் ஓடும். ரிபப்ளிகனா ஜெயிச்சு 2007லருந்து 2011 வரைக்கும் ஃப்ளோரிடா கவர்னரா இருந்தவரு, அப்புறம் கட்சி மாறி 2014ல டெமாக்ரட்டா வந்து, கவர்னர் தேர்தல்ல பதவில இருந்த ரிக் ஸ்காட்ட எதுத்து நின்னாரு. அக்டோபர் 15, டேவி ஊர்ல ப்ரோவர்ட் காலேஜ்ல டிபேட், டிவில லைவ் ஓடுது, மேடைல கிறிஸ்ட் மட்டும் தனியா நிக்கிறாரு, ஸ்காட்ட காணோம், என்னடான்னு பாத்தா ரூல்ஸ்ல ஃபேன் கூடாதுன்னு இருக்காம், இவரு வச்சிருக்காரு, அதனால அவரு வரலையாம்! நடத்துறவங்க முகத்துல ஈயாடல. சில நிமிஷம் கழிச்சுதான் வந்தாரு. தேவைப்பட்டா ஃபேன் வச்சுக்கலாம்னு கையெழுத்து போடும்போதே எழுதி சேத்துட்டோமேன்னு கிறிஸ்ட் ஆளுங்க சொன்னாங்க. ஒரு ஃபேனுக்கு இவ்ளோ அலப்பறையான்னு எனக்கு சிரிப்புதான். கடைசில ஸ்காட் ஜெயிச்சாரு, சுமார் 64,000 ஓட்டுல, 1 சதவீத சொச்சம். ஃபேனாலதான் தோத்தாருன்னா நான் நம்ப மாட்டேன், 2022ல அப்ப கவர்னரா இருந்த டிசாண்டிஸ எதுத்து நின்னப்பவும் தோத்தாரு, 19 சதவீத பாயிண்ட்ல போச்சு.

சரி சாமானுக்கு வர்றேன். மூணு ஸ்பீடு. முதல் ஸ்பீடு சும்மா பேருக்கு சுத்துது. ரெண்டாவது அருமை, காத்து நேரா கழுத்து வரைக்கும் ஏறுது, சத்தமும் இல்ல. மூணாவது வச்சா மைக்ல கேக்குது, மீட்டிங்ல ஒருத்தங்க அங்க மழையான்னு கேட்டுட்டாங்க. ஸ்டாண்டு கொஞ்ச நாள்ல லூஸாயிடுது, நிமித்தி வச்சா மெதுவா தலைய தொங்கப்போட்டு முழங்காலுக்குதான் வீசுது, நான் ஒரு பழைய புக்க முட்டு கொடுத்து வச்சிருக்கேன். தூசி தொடைக்க முன்பக்க வலைய கழட்டணும், நாலு ஸ்க்ரூ, எரிச்சல் புடிச்ச வேலை.

இந்த காசுக்கு ஓகே. வயர் மட்டும் ரொம்ப குட்டை, எக்ஸ்டென்ஷனும் சேத்தே ஆர்டர் போட்டுருங்க.