'லுக்ட் ஆங்ரி'யா, 'லுக்ட் ஆங்ரிலி'யா?

இறந்தகால வினைக்குப் பின்னால் அட்ஜெக்டிவ் (பெயரடை) போடுவதா, அட்வர்ப் (வினையடை) போடுவதா? ஆங்கிலம் எழுதும் தமிழர்களில் நன்றாகப் படித்தவர்களும் தடுமாறும் இடம் இது. 'எப்படி?' என்று கேட்டுப்பார், வரும் விடைதான் அட்வர்ப், அதற்கு 'லி' சேர் என்று பள்ளியில் சொல்லித்தந்தார்கள். அதை நம்பி "தி காஃபி டேஸ்டட் பிட்டர்லி" என்று எழுதினால் தப்பு. "டேஸ்டட் பிட்டர்" என்பதே சரி.

கோளாறு அந்த 'எப்படி'யில்தான் இருக்கிறது. வீடு எப்படி இருந்தது? அமைதியாக இருந்தது. அவர் எப்படிப் பேசினார்? அமைதியாகப் பேசினார். நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே 'ஆக' போதும். ஒரு பொருளின் நிலையையும் அது சொல்லும், ஒரு செயல் நடந்த விதத்தையும் சொல்லும். ஆங்கிலம் அங்கே பாகம் பிரித்துவிடுகிறது: வீடு 'வாஸ் க்வயட்', அவர் 'ஸ்போக் க்வயட்லி'. அதனால் 'எது அப்படி?' என்று கேட்டுப் பழகுவது நல்லது. ஆளோ பொருளோ அப்படி என்றால் அட்ஜெக்டிவ். செயல் அப்படி என்றால் அட்வர்ப்.

சில இணைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

"ஷி லுக்ட் ஆங்ரி" என்றால் அவள் முகத்தில் கோபம் தெரிந்தது. அவள் யாரையும் பார்க்க வேண்டியதில்லை, பார்ப்பவர்கள் நாம். "ஷி லுக்ட் ஆங்ரிலி அட் ஹிம்" என்றால் அவள் அவனைக் கோபமாகப் பார்த்தாள். இங்கே அவள் கண் வேலை செய்கிறது. 'லுக்ட்' இருக்கும் இடத்தில் 'வாஸ்' போட்டுப் பாருங்கள். "ஷி வாஸ் ஆங்ரி" நிற்கிறது, "ஷி வாஸ் ஆங்ரிலி அட் ஹிம்" நிற்கவில்லை. டேஸ்டட், ஸ்மெல்ட், சவுண்டட், ஃபெல்ட் எல்லாவற்றுக்கும் இந்தச் சோதனை செல்லும். டாக்டர் 'ஃபெல்ட் டயர்ட்' என்றால் களைப்பு அவருக்கு. 'ஃபெல்ட் தி பல்ஸ் கேர்ஃபுல்லி' என்றால் கவனம் நாடி பிடித்த விதத்தில்.

'லுக்ட் டயர்ட்' போன்ற தொடரில் அடுத்தடுத்து இரண்டு 'எட்' வருவதைப் பார்த்து, இரண்டும் இறந்தகால வினை என்று நினைத்துவிடுகிறார்கள். நிகழ்காலத்துக்கு மாற்றினால் 'லுக்ஸ் டயர்ட்' ஆகும். மாறுவது முதல் சொல் மட்டும்தான். இரண்டாவது, வினையிலிருந்து பிறந்து அட்ஜெக்டிவாகிவிட்ட சொல்.

'வென்ட்' என்ற வினையிலும் இதே கதை. "தி மில்க் வென்ட் பேட்" என்றால் பால் கெட்டுப்போனது. "தி இன்டர்வியூ வென்ட் பேட்லி" என்றால் நேர்காணல் மோசமாகப் போனது. முதல் வாக்கியத்து 'வென்ட்', நம் 'கெட்டுப்போனது' என்பதில் வரும் 'போனது' மாதிரி. எங்கும் போகவில்லை, நிலை மாறியதை மட்டும் சொல்கிறது. கனவு 'கேம் ட்ரூ', கிணறு 'ரேன் டிரை', வகுப்பு 'ஃபெல் சைலன்ட்' எல்லாம் இந்த வகை. இவற்றில் 'லி'க்கு இடமே கிடையாது.

எனக்கு மிகவும் பிடித்த இணை 'ஃபவுண்ட்'. "ஷி ஃபவுண்ட் தி ஆன்சர் ஈஸி", "ஷி ஃபவுண்ட் தி ஆன்சர் ஈஸிலி". முதலாவதில் விடை அவளுக்கு எளிதாகப் பட்டது. இரண்டாவதில் விடையை எளிதாகக் கண்டுபிடித்தாள். விடை கடினமானதாகவும் இருந்திருக்கலாம். தமிழில் இரண்டிலும் 'எளிதாக'தான், வேறுபாட்டை வினை சுமக்கிறது. ஆங்கிலத்தில் வினை அப்படியே இருக்க, ஒரு 'லி' பொருளையே மாற்றிவிடுகிறது. இங்கே அட்ஜெக்டிவ் ஒட்டுவது எழுவாயோடு இல்லை, செயப்படுபொருளோடு. "ஹி லெஃப்ட் தி விண்டோ ஓப்பன்", "ஷி பெயின்டட் தி டோர் ரெட்" இரண்டும் அப்படித்தான். திறந்திருந்தது ஜன்னல், சிவப்பானது கதவு. பாடப்புத்தகங்கள் இந்த அமைப்பை இரண்டு வரியில் கடந்துவிடுவது சரியில்லை. நம் பிள்ளைகளுக்கு இதைத்தான் நிறைய பயிற்சி கொடுத்துப் பழக்க வேண்டும்.

'லி' இல்லாத அட்வர்ப்களுக்குப் பின்னே ஒரு வரலாறு உண்டு. பழைய ஆங்கிலத்தில் அட்ஜெக்டிவோடு ஓர் 'எ' ஒலியைச் சேர்த்தே அட்வர்ப் செய்தார்கள். காலப்போக்கில் அந்தக் கடைசி உயிரொலி தேய்ந்து மறைய, இரண்டும் ஒரே வடிவமாயின. ஃபாஸ்ட், ஹார்ட், லேட் எல்லாம் அப்படி நின்றவை. 1762இல் இலக்கண நூல் வெளியிட்ட ராபர்ட் லௌத், அட்ஜெக்டிவை அட்வர்பாக ஆள்வது முறையல்ல என்று எழுதினார். அவர் போன்றவர்கள் காட்டிய கண்டிப்பின் நிழல் இன்றும் தேர்வுத்தாள்களில் விழுகிறது. ஆனாலும் 'ரேன் ஃபாஸ்ட்' அசையவில்லை, 'ஃபாஸ்ட்லி' என்று யாரும் எழுதுவதில்லை. சிலவற்றில் 'லி' சேர்ந்த வடிவம் வேறு பொருளுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. "ஹி வொர்க்ட் ஹார்ட்" என்றால் கடுமையாக உழைத்தான். "ஹி ஹார்ட்லி வொர்க்ட்" என்றால் வேலையே செய்யவில்லை என்கிற அளவு. வேலைக்கு விண்ணப்பம் எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் வேறு வம்பே வேண்டாம். 'கேம் லேட்' என்றால் தாமதமாக வந்தான். 'லேட்லி' என்பது அண்மைக்காலமாக என்று பொருள்படும், பெரும்பாலும் 'ஹேவ் பீன்' போன்ற அமைப்போடு வரும்.

'ட்ரோவ் ஸ்லோ', 'ட்ரோவ் ஸ்லோலி' இரண்டுமே புழக்கத்தில் உள்ளவை. பேச்சில் முதலாவது தப்பில்லை. தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் 'ஸ்லோலி' எழுதிவிடுங்கள், வாதத்துக்கு இடமிருக்காது. வருத்தப்பட்டேன் என்பதற்கு அமெரிக்கர்களில் படித்தவர்களே 'ஃபெல்ட் பேட்லி' என்று சொல்வது உண்டு. 'வாஸ்' சோதனைப்படி 'ஃபெல்ட் பேட்' என்பதே நேரானது, என் ஓட்டு அதற்குத்தான்.

வேண்டியதைத் தேர்ந்தெடுக்க ஆங்கிலமே இடம்தரும் வாக்கியங்களும் உண்டு. "தே அரைவ்ட் சேஃப்" என்றாலும் "அரைவ்ட் சேஃப்லி" என்றாலும் பத்திரமாக வந்து சேர்ந்தார்கள். முதலாவதில் வந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது முன்னால் நிற்கும், இரண்டாவதில் பயணம் நல்லபடியாக முடிந்தது. 'லெஃப்ட் ஹாப்பி' என்றால் கிளம்பும்போது அவர் மகிழ்ச்சியாக இருந்தார். 'ஹாப்பிலி லெஃப்ட்' என்றால் கிளம்புவதற்கே சந்தோஷமாகச் சம்மதித்தார். விருந்தாளியைப் பற்றி எழுதும்போது இந்த இரண்டில் எதைப் போடுகிறோம் என்று ஒரு கணம் நின்று பார்ப்பது நல்லது.